மேட்ரிக்ஸ் பலகையில் தமிழ் ஓட வேண்டுமானால்

கேள்வி இது: "கல்லூரிக் கண்காட்சிக்காக ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் போர்டு ஒன்றும், நான்கு கட்டம் சேர்ந்த மேக்ஸ் 7219 டாட் மேட்ரிக்ஸ் மாட்யூலும் (புள்ளி விளக்குப் பலகை) வாங்கினேன். லைப்ரரியோடு வந்த உதாரணத்தை ஏற்றினால், ஆங்கில எழுத்துகள் வருகின்றன, ஆனால் ஒவ்வொரு கட்டமும் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. 'வணக்கம்' என்று கொடுத்தால் ஏதேதோ கிறுக்கலாக ஓடுகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் போர்டு தானாக ரீசெட் ஆகிறது. மாட்யூல் பழுதா, மாற்றி வாங்க வேண்டுமா?"

மாற்ற வேண்டாம். மாட்யூல் நன்றாகவே இருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் வந்ததால் பொருளே கெட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் முதலும் மூன்றாவதும் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். தமிழுக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து உழைக்க வேண்டும். அதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் மாட்யூலில் உள்ள ஐசி (சில்லு) என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மேக்ஸ் 7219 டாட் மேட்ரிக்ஸுக்காக மட்டும் பிறந்தது அல்ல. எட்டு இலக்கம் கொண்ட ஏழு-துண்டு எண் காட்டிகளை ஓட்டுவது அதன் முதன்மையான வேலை. ஏழு துண்டும் ஒரு தசமப் புள்ளியும் சேர்ந்தால் எட்டு. எட்டு இலக்கம் என்றால் 64 விளக்குகள். எட்டுக்கு எட்டு மேட்ரிக்ஸிலும் அதே 64 தான். அதனால் இரண்டுக்கும் ஒரே ஐசி பொருந்திவிட்டது. உள்ளே ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரிசைதான் எரிகிறது. எட்டு வரிசைகளையும் மாற்றி மாற்றி நொடிக்குச் சுமார் 800 தடவை சுற்றுவதால் நம் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து எரிவதாகத் தெரிகிறது. இந்தச் சுற்றும் வேலையை ஐசியே பார்த்துக்கொள்கிறது. ஒருமுறை தரவைக் கொடுத்துவிட்டால் ஊனோ வேறு வேலைக்குப் போகலாம்.

நாம் அதற்கு அனுப்புவது ஒவ்வொரு முறையும் இரண்டு எண்கள்: எந்த அறை, அதில் என்ன மதிப்பு. 1 முதல் 8 வரையிலான அறைகள் எட்டு வரிசைகள். 9 என்பது எண்களை அதுவாகவே வரையலாமா என்று கேட்கும் அறை. நமக்கு அது வேண்டாம், 0 கொடுக்க வேண்டும். 10 வெளிச்சம், 0 முதல் 15 வரை. 11 எத்தனை வரிசை சுற்ற வேண்டும் என்பது. எட்டுக்கும் சேர்த்து 7 கொடுக்க வேண்டும். 12 விழிப்பு, 1 கொடுத்தால்தான் எரியும். 15 சோதனை அறை. அதில் 1 இருந்தால் எல்லா விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும், ஆகவே 0. மின்சாரம் வந்ததும் இந்த ஐசி உறக்க நிலையில்தான் எழுகிறது. ஒன்றுமே எரியவில்லை என்று சொல்பவர்களில் பலர் 12ஆம் அறைக்கு 1 அனுப்ப மறந்தவர்கள். நான் எப்போதும் 15, 11, 9, 10 என்று வரிசையாக அனுப்பி, எட்டு வரிசைகளையும் 0 ஆக்கிவிட்டு, கடைசியில்தான் 12க்கு 1 கொடுப்பேன். அப்போது தொடக்கத்தில் கண்ட கண்ட விளக்குகள் பளிச்சிடாது.

நான்கு ஐசிகளும் ஒரே கயிற்றில் கோத்த மணிகள் போல. முதல் ஐசிக்குள் 16 பிட் போகும்; அடுத்த 16 பிட் வரும்போது முன்னது தள்ளப்பட்டு இரண்டாவது ஐசிக்குப் போகும். ஆகவே நான்கு இணை எண்களை அனுப்பினால், முதலில் அனுப்பியது போர்டிலிருந்து மிகத் தொலைவில் உள்ள கட்டத்துக்கும், கடைசியில் அனுப்பியது மிக அருகில் உள்ளதற்கும் போய்ச் சேரும். நான்கும் அனுப்பிய பிறகுதான், தரவு முடிந்தது என்று சொல்லும் சிஎஸ் காலின் மின்னழுத்தத்தை மேலே உயர்த்த வேண்டும். அந்த நொடியில் நான்கு ஐசிகளும் ஒன்றாக ஏற்றுக்கொள்ளும். ஏதாவது ஒரு கட்டத்தை மட்டும் மாற்ற வேண்டுமானால் மற்ற மூன்றுக்கும் அறை எண் 0 கொடுங்கள். அதற்கு "ஒன்றும் செய்யாதே" என்று பொருள்.

இனி அந்தச் சாய்வு. எட்டுக்கு எட்டு மேட்ரிக்ஸின் பின்னால் இருக்கும் 16 கால்களும் வரிசையாக அமைந்தவை அல்ல, தாறுமாறாக இருக்கும். மாட்யூல் செய்பவர்கள் தங்கள் வசதிக்கு ஏற்ப ஐசியின் இலக்கக் கால்களை மேட்ரிக்ஸின் படுக்கை வரிசைக்கோ நெடுக்கு வரிசைக்கோ இணைத்துவிடுவார்கள். அதனால் ஒரே ஐசி, ஒரே மேட்ரிக்ஸ் என்றாலும் மாட்யூலுக்கு மாட்யூல் திசை மாறும். நான்கு கட்டமும் ஒரே நீளப் பலகையில் வரும் வகைக்கு எஃப்சி-16 என்று பெயர். உங்களுடையது பெரும்பாலும் அதுதான். எம்டி மேக்ஸ் 72எக்ஸ்எக்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், உதாரண நிரலின் தலையில் வன்பொருள் வகையைக் குறிக்கும் ஒரு வரி இருக்கும். அதில் எஃப்சி-16 வகையைப் போட்டால் எழுத்து நிமிர்ந்துவிடும். சாய்வுக்கு அவ்வளவுதான் மருந்து.

ஆனால் லைப்ரரியை நம்பி மட்டும் விடாதீர்கள். தமிழுக்கு எப்படியும் நீங்கள் சொந்தமாக எழுதப் போகிறீர்கள், ஆகவே உங்கள் மாட்யூலின் திசையை நீங்களே கண்டுபிடித்து வைத்துக்கொள்வது நல்லது. பலகையை மேசையில் நேராக வைத்து, முதலில் மூன்று "ஒன்றும் செய்யாதே" அனுப்பிவிட்டு, 1ஆம் அறைக்கு 128 என்று அனுப்புங்கள். ஒரே ஒரு விளக்கு எரியும். அது எரிந்த கட்டம்தான் போர்டுக்கு மிக அருகில் உள்ள ஐசி. அந்த விளக்கு கட்டத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே அறைக்கு 64. விளக்கு பக்கவாட்டில் நகர்ந்ததா, மேல்கீழாக நகர்ந்ததா? பிறகு 2ஆம் அறைக்கு 128. இந்த மூன்று குறிப்புகள் போதும், உங்கள் பலகையின் வரைபடம் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

அந்த அறிவை நிரலின் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள். "இத்தனையாவது நெடுக்கு, இத்தனையாவது படுக்கை, எரியட்டும்" என்று சொன்னால் அதைச் சரியான கட்டம், சரியான அறை, சரியான பிட் என்று மாற்றித் தரும் சின்ன வேலைக்காரன் அது. நிரலின் மற்ற பகுதிகளுக்கு ஐசி என்ற ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. அவற்றுக்குத் தெரிந்தது 32 நெடுக்கு, 8 படுக்கை கொண்ட ஒரு வெற்றுத் தாள் மட்டும். அந்தத் தாள் நினைவகத்தில் வெறும் 32 பைட். எழுதுவதை எல்லாம் முதலில் தாளில் எழுதி, முடிந்ததும் மொத்தமாகப் பலகைக்கு அனுப்புங்கள். நாளைக்கு வேறு வகை மாட்யூல் வாங்கினாலும், கடைப் பெயர்ப் பலகைகளில் வரும் பி10 வகைக்கு மாறினாலும், அந்த ஒரு வேலைக்காரனை மாற்றினால் போதும்.

மின்சாரத்தைச் சொல்லிவிட்டுத் தமிழுக்கு வருகிறேன். பல மாட்யூல்களில் ஐசிக்கு அருகே 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்கும். அதுதான் ஒவ்வொரு விளக்குக்கும் எவ்வளவு மின்னோட்டம் என்று தீர்மானிக்கிறது. சுமார் 40 மில்லிஆம்பியர். ஒரு வரிசையில் எட்டு விளக்கும் எரிந்தால் 320. எல்லா விளக்கும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் நான்கு கட்டத்துக்கு ஏறக்குறைய 1.3 ஆம்பியர். கணினியின் யூஎஸ்பி 2.0 வாய் தரக்கூடியதோ 500 மில்லிஆம்பியர். வெளிச்சத்தைக் கூட்டியதும் மின்னழுத்தம் சரிந்து ஊனோ ரீசெட் ஆகிறது; வேறு மர்மம் இல்லை.

இதற்கு வழி இரண்டு. வெளிச்சத்தை 3இல் வைத்தால், ஐசி விளக்குகளை 32இல் 7 பங்கு நேரம்தான் எரிய விடும். சராசரி மின்னோட்டம் அதற்கேற்ப இறங்கிவிடும். அறைக்குள் இந்த வெளிச்சமே தாராளம். கண்காட்சி வெளிச்சமான கூடத்தில் நடக்கிறது, கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்றால் 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்றைத் தனியாக மாட்யூலுக்குக் கொடுங்கள். அடாப்டரின் கிரவுண்டையும் ஊனோவின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் தரவு எந்த அளவுகோலும் இல்லாமல் தொங்கும், திரையில் குப்பை வரும். ஊனோவின் வட்ட வாயில் 12 வோல்ட் கொடுத்து, அதன் 5 வோல்ட் காலிலிருந்து மாட்யூலை ஓட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். அங்கே மீதி 7 வோல்ட்டும் வெப்பமாகத்தான் போகிறது. அரை ஆம்பியர் எடுத்தாலே 3.5 வாட், அந்தச் சின்ன ரெகுலேட்டர் தாங்காது.

மாட்யூலின் விசிசிக்கும் (5 வோல்ட் கால்) கிரவுண்டுக்கும் இடையே, மாட்யூலுக்குப் பக்கத்திலேயே, 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்துவிடுங்கள். வெளிச்சத்தைக் குறைத்தால் சராசரி இறங்குமே தவிர, விளக்கு எரியும் அந்தக் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அப்படியேதான் இருக்கும். அதைக் கெப்பாசிட்டர் தாங்கிக்கொள்ளும். ஒரு நூலகத்துக்காக நான் செய்த பலகை, மின்விசிறியைப் போடும்போதெல்லாம் திடீரென்று எல்லா விளக்குகளையும் எரித்தபடி உறைந்து நின்றது. கம்பியில் ஏறிய இரைச்சலை ஐசி ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு சோதனை நிலைக்குப் போயிருந்தது. கெப்பாசிட்டர் வைத்தேன், ஜம்பர் வயர்களை நீளம் குறைத்தேன், 15, 11, 9, 10, 12 ஆகிய ஐந்து அறைகளையும் சில நொடிகளுக்கு ஒருமுறை திரும்ப அனுப்புமாறு நிரலை மாற்றினேன். அதன் பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. ஐந்து கட்டளைகளைத் திரும்ப அனுப்ப ஒரு மில்லிநொடிகூட ஆகாது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். அப்படியே செய்யுங்கள்.

போர்டு ஊனோ என்பதால் இன்னொரு தலைவலி உங்களுக்கு இல்லை. ஈஎஸ்பி 32 போன்ற 3.3 வோல்ட் போர்டுகளில், 5 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ் 7219 குறைந்தது 3.5 வோல்ட் எதிர்பார்க்கும். மேசையில் வேலை செய்யும், மேடையில் காலை வாரும். அந்தப் போர்டுக்கு மாறும் நாளில் 74எச்சிடி வகை ஐசி ஒன்றை இடையில் போட்டு அழுத்தத்தை உயர்த்திவிடுங்கள்.

சரி, தமிழ்.

"வணக்கம்" ஏன் கிறுக்கலாக ஓடியது? நம் கண்ணுக்கு அதில் ஐந்து எழுத்துகள்: வ, ண, க், க, ம். யூனிகோடில் மெய்ப்புள்ளி தனிக் குறி என்பதால் அங்கே ஏழு குறிகள். நிரல் எழுதும் மென்பொருள் கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஆக, ஊனோவின் நினைவகத்தில் இருப்பது 21 பைட். லைப்ரரியோ ஒரு பைட் என்றால் ஓர் எழுத்து என்று நம்புகிறது. 21 பைட்டையும் 21 எழுத்துகளாக எடுத்துக்கொண்டு, தன் பட்டியலில் அந்தந்த எண்ணுக்கு எதிரே என்ன படம் இருக்கிறதோ அதை எல்லாம் வரைந்துவிடுகிறது. நீங்கள் பார்த்த கிறுக்கல் இதுதான். கணினியிலும் கைபேசியிலும் தமிழ் சரியாக வருவதற்குக் காரணம், அங்கே எழுத்துகளைச் சேர்த்து வடிவம் கொடுக்கும் பெரிய மென்பொருள் ஒன்று பின்னால் இருந்து வேலை செய்வது. ஊனோவில் அப்படி யாரும் இல்லை. நம் எழுத்தின் இலக்கணத்தை நாம்தான் அதற்குக் கற்றுத்தர வேண்டும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கற்றுத்தருவது போலவே போகலாம். முதலில் மூன்று பைட்டை ஒரு குறியாக்குவது. தமிழ்க் குறி எதுவானாலும் முதல் பைட் 224. இரண்டாவது பைட் 174 அல்லது 175. மூன்றாவது பைட் 128 முதல் 191 வரை. மூன்றாவதிலிருந்து 128ஐக் கழியுங்கள். இரண்டாவது 175 ஆக இருந்தால் 64ஐக் கூட்டுங்கள். கிடைப்பது 0 முதல் 127க்குள் ஓர் எண். தமிழ்ப் பகுதி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். க என்பது 224, 174, 149. கணக்குப் போட்டால் 21. மெய்ப்புள்ளி 224, 175, 141. அது 77 ஆகும். மூன்று பைட் ஒரு பைட்டாகச் சுருங்கிவிட்டது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழும் இடம். ஊனோவில் எழுத்தை வைக்கும் மாறி (char), எதிர்ம எண்ணையும் வைத்துக்கொள்ளும் வகை. அதில் 224ஐப் போட்டால் −32 என்று ஆகிவிடும். பிறகு "இது 224ஆ?" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும், நிரல் தமிழை அடையாளமே காணாது. பைட் வகையாக மாற்றிக்கொண்டு ஒப்பிட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது வடிவம். தமிழில் 247 எழுத்துகள். 247 படங்கள் வரைய வேண்டுமா? வேண்டாம். பன்னிரண்டு உயிரில் ஔ என்பது ஒ-வும் ள-வும் சேர்ந்தது. ஆகப் பதினொன்று போதும். ஆய்தம் ஒன்று. க முதல் ன வரை பதினெட்டு. மெய்யெழுத்துக்குத் தனிப் படம் தேவையில்லை, அதே எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்துவிடலாம். துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று நான்கு. ஔகாரத்துக்கு ள-வையே எடுத்துக்கொள்ளலாம். இகர ஈகார வரிசைகளைத் தனியாக வரைவதே நல்லது: டி, டீ இரண்டும் மற்றவை போல வளைவதில்லை, வளைகிறவையும் எழுத்துக்கு எழுத்து ஒட்டும் இடத்தில் மாறுகின்றன. அது 36. உகர ஊகார வரிசைக்குக் கண்டிப்பாகத் தனிப் படம் வேண்டும். கு, சு, து என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், உகரம் மூன்றிலும் மூன்று விதமாக இருக்கும். அது ஒரு 36. எல்லாம் சேர்த்து 106. ஜ, ஷ, ஸ, ஹ வரிசை வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் சேரும்.

1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தி 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் ணா, றா, னா ஆகியவற்றுக்குத் துணைக்கால் போடாமல் எழுத்தையே வளைத்து எழுதினார்கள். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தலையில் தும்பிக்கை போல ஒரு வளைவு. அவை அப்படியே இருந்திருந்தால் இன்னும் ஏழு படங்கள் வரைந்திருப்போம். பழைய புத்தகங்களில் அந்த வடிவங்களைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இவ்வளவு சின்னத் திரையில் வரையும்போது சீர்திருத்தத்தின் அருமை விரல்நுனியில் தெரிகிறது.

இனி வரிசை. யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு ஒற்றைக் கொம்பு. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். ஆகவே மெய் வரிசை எழுத்து ஒன்று வந்ததும் உடனே வரைந்துவிடாதீர்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த குறி என்ன என்று எட்டிப் பாருங்கள். 77 என்றால் எழுத்தை வரைந்து புள்ளி வைக்க வேண்டும். 62 என்றால் எழுத்து, பிறகு துணைக்கால். 63 முதல் 66 வரை என்றால் இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம். தனிப் படத்தை எடுங்கள். 70, 71, 72 என்றால் கொம்பு முதலில், எழுத்து பிறகு. 74 ஒகரம்: ஒற்றைக் கொம்பு, எழுத்து, துணைக்கால். 75 ஓகாரம்: அதே போல, இரட்டைக் கொம்போடு. 76 ஔகாரம். இவற்றில் எதுவும் இல்லை என்றால் அது அகரம் ஏறிய எழுத்து. அப்படியே வரைந்துவிட்டு அடுத்த குறியைப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஒகரத்தில் மட்டும் கவனம். சில விசைப்பலகைகள் "கொ"-வின் ஒகரத்தை 74 என்ற ஒரே குறியாக அனுப்பும். சில இடங்களிலிருந்து வரும் உரையில் 70, அடுத்து 62 என்று இரண்டாகப் பிரிந்து வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். 70 அல்லது 71 வந்தால் அதற்கு அடுத்ததையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் "கொடி" சில நாள் சரியாக வரும், சில நாள் உடைந்து வரும். எங்கே தவறு என்று தேடியே களைத்துப்போவீர்கள்.

உள்ளே நாம் இப்படிச் செய்து முடித்த பிறகு ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒரே எண் என்ற நிலைக்கு வந்துவிடுகிறோம். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்16 குறிமுறையின் அடிப்படையும் இதுதான். அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் உண்டு. உலகத்தோடு பேச யூனிகோடு, சின்னத் திரைக்குள் இது என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

படம் எப்படி வரைவது? ஒரு கட்டத்தாள் போதும். ப-வை எடுத்துக்கொள்வோம், ஐந்து நெடுக்கு, ஐந்து படுக்கை:

10001
10001
10001
10001
11111

எட்டு படுக்கை வரிசைகளில் இதை 3 முதல் 7 வரை வைக்கிறேன். மேலிருந்து கீழாக வரிசைகளுக்கு 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று மதிப்பு. முதல் நெடுக்கில் ஐந்து விளக்கும் எரிகின்றன: 4, 8, 16, 32, 64 சேர்ந்தால் 124. நடுவே மூன்றிலும் அடிக்கோடு மட்டும்: 64. கடைசி மறுபடி 124. ஆக ப என்பது 124, 64, 64, 64, 124. ட என்றால் 124, 64, 64, 64, 64. ப் வேண்டுமா? நடு நெடுக்கோடு 1ஐச் சேர்த்தால் போதும்: 124, 64, 65, 64, 124. முதல் வரிசையில் புள்ளி, இரண்டாம் வரிசை இடைவெளி, கீழே எழுத்து. புள்ளி எந்த நெடுக்கில் உட்கார வேண்டும் என்பதை ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பைட்டில் எழுதி வைத்துவிட்டால் பதினெட்டு மெய்யும் இலவசமாகக் கிடைத்துவிடும்.

ப, ட, ம, ய போன்றவை எட்டு வரிசையில் அழகாக உட்காரும். அதைப் பார்த்து எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். ழ-வுக்கும் ர-வுக்கும் கீழே வால் வேண்டும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் மேலே உள்ள ஒரு சுழி. இகரத்தின் வளைவுக்கு மேலே இடம் வேண்டும், உகரத்துக்குக் கீழே இடம் வேண்டும். எட்டு வரிசைக்குள் மேலும் கீழும் இடம் விட்டால் எழுத்தின் உடம்புக்கு நான்கு வரிசைதான் மிஞ்சும். அதில் ண-வின் சுழிகளை வரைய முடியாது. எட்டு வரிசையில் தமிழை ஓட்டிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். படிக்க முடியும், ஆனால் ஊகித்துத்தான் படிக்க வேண்டும். அது நம் எழுத்துக்குச் செய்யும் நியாயம் இல்லை என்பது என் கருத்து.

ஆகவே இன்னொரு நான்கு-கட்டப் பலகை வாங்கி, முதல் பலகைக்கு நேர் கீழே ஒட்டுங்கள். மேல் பலகையின் வெளியேறும் தரவுக் காலைக் கீழ்ப் பலகையின் டின் காலோடு (தரவு உள்ளே வரும் கால்) இணைத்து, சிஎஸ், கடிகாரக் கால்களையும் சேர்த்துவிட்டால் எட்டு ஐசியும் ஒரே கயிறு. மின்சாரத்தை மட்டும் இரண்டு பலகைக்கும் தனித்தனியாக இழுங்கள். இப்போது உங்கள் தாள் 32 நெடுக்கு, 16 படுக்கை, 64 பைட். மேலே நான்கு வரிசை புள்ளிக்கும் வளைவுக்கும், நடுவே எட்டு வரிசை உடம்புக்கு, கீழே நான்கு வரிசை வாலுக்கும் உகரத்துக்கும். மெய்ப்புள்ளியை ஒரே விளக்காக வைக்காமல் இரண்டுக்கு இரண்டாக வையுங்கள். ஒற்றை விளக்குப் புள்ளி ஓடும்போது கண்ணுக்குத் தப்பிவிடும். புள்ளி தப்பினால் சொல்லே மாறிவிடும்.

கணினி எழுத்துருவைச் சுருக்கி எடுத்துவிடலாமே என்ற ஆசை வரும். 16 வரிசைக்குச் சுருக்கும்போது மெல்லிய கோடுகள் அறுந்துபோகும், சுழிகள் அடைபட்டுக் கறையாகும். 106 படங்களையும் கையால் வரைந்துவிடுங்கள். நாளைக்குப் பத்து என்று வைத்தால் பதினொரு நாள் வேலை. முதலில் ப, ட, ம, ய, வ, க என்று எளிதானவற்றை வரைந்து கோட்டின் தடிமனையும் இடைவெளியையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு ண, ஞ, ஐ போன்ற அகலமானவை. ண-வுக்குக் கூடுதல் நெடுக்கு ஆனாலும் பரவாயில்லை, கொடுங்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று பிடிவாதம் பிடித்தால் ண நசுங்கும், ட-வுக்குப் பக்கத்தில் வெற்றிடம் கிடக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் அகலத்தை ஒரு பைட்டில் சேர்த்து வையுங்கள்.

ஓர் எழுத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு நெடுக்கு, நெடுக்குக்கு இரண்டு பைட், அகலத்துக்கு ஒன்று. ஆக 25 பைட். 106 எழுத்துக்கு 2650 பைட். ஊனோவின் இயங்கு நினைவகம் மொத்தமே 2048 பைட்! ஆனால் நிரல் நினைவகம் 32 கிலோபைட் இருக்கிறது. வெறுமனே மாறிலி என்று அறிவித்தால் ஊனோவில் அது இயங்கு நினைவகத்துக்கும் நகல் எடுக்கப்படும், இடம் போதாமல் நிரலைப் போர்டில் ஏற்றவே முடியாது. ப்ரோக்மெம் என்ற சொல்லைச் சேர்த்து அறிவித்து, படிக்கும்போதும் அதற்கான வாசிப்புக் கட்டளையால் படித்தால் பட்டியல் நிரல் நினைவகத்திலேயே இருக்கும்.

ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாளின் எல்லா நெடுக்கையும் ஒன்று இடப்பக்கம் தள்ளுங்கள், வலது ஓரத்தில் அடுத்த நெடுக்கை எழுதுங்கள், பலகைக்கு அனுப்புங்கள், 40 மில்லிநொடி கழித்து மறுபடி. டிலே கட்டளை போட்டு நிரலை நிற்க வைக்காமல், போர்டு எழுந்து எத்தனை மில்லிநொடி ஆனது என்று சொல்லும் மில்லிஸ் கணக்கைப் பார்த்து நகர்த்துங்கள். அப்போதுதான் இடையில் பொத்தானைக் கவனிக்கவும், கணினியிலிருந்து புது வாசகம் வாங்கவும் முடியும். வாசகத்தை நறுக்க வேண்டி வந்தால் பைட் கணக்கில் நறுக்காதீர்கள், எழுத்து நடுவில் வெட்டுப்படும். 32 நெடுக்கில் ஒரே நேரத்தில் மூன்று எழுத்துதான் தெரியும் என்பதால் வேகம் கூடக் கூடப் படிப்பவர் சொல்லின் தலையை மறந்துவிடுவார். நொடிக்கு 25 நெடுக்கு எனக்குச் சரியாக இருந்தது. தரவை 11, 13 கால்களில் உள்ள எஸ்பிஐ என்ற வேகமான வன்பொருள் வழியாகவே அனுப்புங்கள், சிஎஸ்ஸுக்கு 10. ஒவ்வொரு பிட்டாகக் கையால் தள்ளும் முறை பல மடங்கு மெதுவு. எட்டு ஐசிக்கு அது தெரிய ஆரம்பிக்கும்.

இவ்வளவுக்கும் நேரம் இல்லை, கண்காட்சி நாளைக்கே என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. வாசகம் மாறாதது என்றால் யூனிகோடே வேண்டாம். "வணக்கம்" என்ற முழுச் சொல்லையும் கட்டத்தாளில் ஒரே படமாக வரைந்துவிடுங்கள். ஏறக்குறைய 60 நெடுக்கு, நெடுக்குக்கு இரண்டு பைட், 120 எண்கள். அந்த எண்களை வரிசையாக ஓட்டினால் தமிழ் ஓடும். எழுத்துகளை ஒன்றாக வரையும்போது அவற்றின் இடைவெளியும் கண்ணுக்கு இதமாக அமையும். பிறகு நிதானமாக அந்த 106க்கு வாருங்கள்.

வரைந்து முடித்த பிறகு சோதிக்க "வணக்கம்" போதாது. அதில் கொம்பு இல்லை, உகரம் இல்லை. மரம், மாம், எலி, ஏலி, கெடு, கேடு, மழு, முழு, பனி, பணி, ஒடு, ஓடு என்று மயங்கக்கூடிய இணைகளாக ஒரு பட்டியல் செய்து ஓட விடுங்கள். பொருள் இல்லாத சொற்களும் இருக்கட்டும். பொருள் இருந்தால் படிப்பவர் ஊகித்துவிடுவார், எழுத்தின் குறை தெரியாது. ர-வும் துணைக்காலும் ஒன்று போல ஆகிவிட்டனவா என்பதைத்தான் முதலில் பாருங்கள். அங்கேதான் அதிகம் தவறும். பலகையை அறையின் ஒரு மூலையில் வைத்துவிட்டு, நிரலைப் பார்க்காத ஒருவரை எதிர் மூலையில் நிற்க வைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையே கூப்பிடுங்கள். அவர் எந்த எழுத்தில் தயங்குகிறாரோ அதைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் மறுபடி கட்டத்தாளை எடுங்கள்.